குதிரையைப் பார்த்துக்கொள்ளும் லாய ஊழியர்களுக்கு நம் நன்றியை எப்படித் தெரிவிப்பது?

கடற்கரை வீதி

வணக்கம். கொழும்பில் குதிரை வைத்திருப்பவர்களிடமும் லாயங்களில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்களிடமும் ஓர் ஆலோசனை கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்வுபெற்ற குதிரை ஒன்றை மகளின் சவாரிப் பயிற்சிக்காக வாங்கி, நகருக்குள் இருக்கும் ஒரு லாயத்தில் மாதக் கட்டணத்துக்கு விட்டிருக்கிறோம். நாங்கள் அதனுடன் கழிப்பது வாரத்தில் சில மணி நேரம் மாத்திரமே. மற்றைய நேரமெல்லாம் அதற்குத் தீனி வைத்து, தண்ணீர் காட்டி, லத்தி அள்ளி, குளம்பு சுரண்டி, உடம்பு தேய்த்து விடுபவர்கள் அங்குள்ள ஊழியர்கள்தான்.

அண்மையில் ஓர் இரவு அதற்கு வயிற்று நோவு கண்டது. இரவுக் காவலில் இருந்தவர், மாலையில் வைத்த வாளித் தண்ணீர் குறையாமல் அப்படியே இருந்ததையும், குதிரை அடிக்கடி தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்ததையும் கவனித்து, அது விழுந்து புரளத் தொடங்கும் முன்பே மிருக வைத்தியரையும் எங்களையும் தொலைபேசியில் அழைத்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கயிற்றைப் பிடித்தபடி முற்றத்தில் அதை மெதுவாக நடத்திக்கொண்டிருந்தார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும், ஆகவே வயிற்றில் தேங்குவது அதன் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் வைத்தியர் விளக்கிய பின்னரே, அந்த மனிதர் எங்களுக்குச் செய்த உபகாரம் எவ்வளவு பெரியது என்று விளங்கியது.

சித்திரைப் புத்தாண்டு நெருங்குகிறது. லாயத்தில் உள்ள அனைவருக்கும் ஏதாவது செய்ய விரும்புகிறோம். பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா? நாங்கள் போகும் நேரத்தில் கண்ணில் படுகிற இருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, இரவுக் காவலரையும் விடியற்காலையில் புல் கொண்டுவருபவரையும் விட்டுவிடுவது நியாயமாகத் தோன்றவில்லை. மேலாளருக்குத் தெரியாமல் கொடுப்பதும் சரியில்லை. நீங்கள் எவ்வாறு செய்கிறீர்கள்?

பந்தயத்திடல் பெரியவர்

தங்கச்சி, நல்ல கேள்வி. ரீட் அவென்யூவில் இன்று ரக்பி விளையாடுகிற திடலில் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின. ஐம்பதுகளில் கொழும்பில் பந்தயம் நின்றுபோனதன் பின்னர், குதிரையோடு வாழ்ந்த பல குடும்பங்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டன. இப்போது நம் லாயங்களில் நிற்பவர்களில் குதிரை வேலையைப் பரம்பரையாகக் கற்றவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரைத் தக்கவைத்துக்கொள்வது குதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய கடமையும் ஆகும்.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். லாயத்தில் வேலை செய்யும் எல்லோருடைய பெயரையும் மேலாளரிடம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய உறை ஒன்று. எங்கள் குதிரையை நேரடியாகப் பார்ப்பவருக்குச் சற்றுக் கூடுதலாகவும் மற்றவர்களுக்குச் சமமாகவும் வைப்போம். வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷமாகக் கொடுப்போம். பகலில் எல்லோருக்கும் முன்னால், மேலாளர் பக்கத்தில் நிற்கும்போதே கொடுக்கிறோம். மறைத்துக் கொடுக்கும் காசு வாங்குபவருக்கும் மனச்சங்கடம், வாங்காதவருக்கும் மனச்சங்கடம்.

நேரத்தையும் யோசியுங்கள். நுவரெலியாப் பந்தயத் திடல் 1875 இல் அமைக்கப்பட்டது. ஏப்ரல் மாதம்தான் அதற்குப் பெரிய காலம். ஊரெல்லாம் புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போகும்போது, குதிரைகளுடன் மலைக்குப் போகும் ஆட்கள் பண்டிகையைத் தங்கள் பிள்ளைகளோடு கொண்டாட முடியாமல் அங்கே குளிரில் நிற்கிறார்கள். புத்தாண்டு பிறந்த பின்னர் கைக்குக் கிடைக்கும் காசு பிள்ளைகளின் புதுச் சட்டைக்கு உதவாது. மார்ச் மாதக் கடைசியிலேயே கொடுத்துவிடுங்கள்.

கணக்காளர்

பெரியவரின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் இவ்விடயத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு. ஒரு மனிதரின் உழைப்புக்கு உரியதை முறையாகக் கொடுக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை உறையில் வைத்துச் சந்தோசம் கொடுப்பதை நன்றி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

நாட்டின் தேசிய ஆகக்குறைந்த மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டுள்ளது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். நம்மில் எத்தனை பேர் லாயத்துடன் ஒப்பந்தம் செய்யும்போது இவற்றைக் கேட்டிருக்கிறோம்? தீனியின் தரத்தைக் கேட்கிறோம், மரத்தூள் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றப்படும் என்று கேட்கிறோம், லாடம் அடிப்பவர் எப்போது வருவார் என்று கேட்கிறோம். குதிரையைப் பார்ப்பவருக்கு வயதான காலத்தில் கையில் ஏதாவது இருக்குமா என்று கேட்பதில்லை.

தனிப்பட்ட முறையில் குதிரைக்காரரை நியமித்து நாமே சம்பளம் கொடுக்கும் இடங்களில் இந்தப் பொறுப்பு முழுவதும் நம் தலையில்தான் இருக்கிறது. அங்கே நாம்தான் தொழில்தருநர். நிதிகளில் அவரைப் பதிவு செய்யாமல், புத்தாண்டுக்குச் சேலையும் சாரமும் எடுத்துக் கொடுப்பதால் அக்கடமை நிறைவேறிவிடாது.

மிருக வைத்தியர்

கணக்காளர் சொன்னதை மறுப்பதற்கில்லை. அதோடு, குதிரைகளுக்கு மருத்துவம் பார்ப்பவன் என்ற வகையில் இந்த ஊழியர்களின் வேலை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது; ஏனென்றால் ஒருவர் செய்வது என்னவென்று அறியாமல் அவருக்கு நன்றி சொன்னால், அந்த நன்றி அவர் மனத்தில் தங்காது.

கொழும்பின் வெப்பமும் ஈரப்பதனும் குதிரைக்கு இயல்பானவை அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுக் குதிரைகள் அங்கே பெருந்தொகையில் இறக்குமதியாவதையும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமையால் ஆண்டுதோறும் அவை மாண்டுபோவதையும் எழுதியிருக்கிறார். சோறும் இறைச்சியும் கலந்து கொடுத்தார்களாம். அக்காலத்தில் அந்த அரசர்களிடம் பொன்னுக்குக் குறைவில்லை. குதிரையின் உடலை அறிந்த கைகள்தான் இல்லை.

குதிரை தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் வியர்வையால்தான் தணித்துக்கொள்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் சில குதிரைகளுக்குக் காலப்போக்கில் வியர்வை குறைந்து, கடைசியில் வற்றியே போய்விடும். நுவரெலியா போன்ற குளிரிடத்திலிருந்து கீழே இறங்கிய குதிரைகளில் இதை விழிப்பாகக் கவனிக்க வேண்டும். சவாரி முடிந்து வந்த குதிரையின் கழுத்தும் தோளும் நனைந்திருக்க வேண்டிய நேரத்தில் உலர்ந்திருப்பதையும், நிழலில் நிறுத்திய பிறகும் மூச்சு இளைப்பு அடங்காமல் இருப்பதையும் முதலில் அறிபவர் நானல்லன், உரிமையாளரும் அல்லர். அதைக் குளிப்பாட்டுகிற மனிதர்தான். குளம்பு அழுகலும் அப்படியே. மழைக்காலத்தில் குளம்பின் அடியிலுள்ள முக்கோண வடிவான மென்பகுதி கறுத்துக் கசியத் தொடங்கும். நல்ல குதிரைக்காரர் ஒருவர், காலைத் தூக்கிச் சேற்றைச் சுரண்டிய கணத்தில் எழும் நாற்றத்தைக் கொண்டே, கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன், "இந்தக் காலில் தொடங்கிவிட்டது ஐயா" என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். உடற்சூடு ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ். இவை புத்தகத்தில் உள்ள எண்கள். ஆனால் இந்தக் குறிப்பிட்ட குதிரை எப்போது படுக்கும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும், கொள்ளை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே உரிமையாளர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: நான் குதிரையைப் பார்க்க வரும்போது அதைப் பராமரிப்பவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். நான் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும். அவர் சொல்வதை இடையில் மறிக்காமல் கேளுங்கள். குதிரை நன்றாக வந்ததும், "நீங்கள் சொன்னபடியால்தான் பிழைத்தது" என்று அவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, அவருடைய உடல்நலம். லாயத்து மண்ணிலும் லத்தியிலும் ஏற்புவலிக் (டெட்டனஸ்) கிருமி இருக்கும். தீனிக் களஞ்சியத்தைத் தேடி எலிகள் வரும். நனைந்த தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். ஏற்புவலித் தடுப்பூசிக்கான செலவையும், காலுக்குச் சரியாகப் பொருந்தும் இறப்பர்ச் சப்பாத்தையும் உங்கள் அன்பளிப்பாகக் கொடுத்தால் அது மிகச் சிறந்த அன்பளிப்பு. குதிரைக்கு ஏற்புவலி ஊசி போடுவதற்கு நான் வரும் நாளில், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குப் போட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

குதிரைக்காரர் மகள்

இந்த இழையை வாசித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. என் அப்பா மலையகத்திலிருந்து இளவயதிலேயே கொழும்புக்கு வந்து, முதுகு நோகும் வரை குதிரைகளோடு வேலை செய்தவர். நாங்கள் மூன்று பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தோம். உரிமையாளர்கள் அவருக்குக் கொடுத்தவை எவை பயன்பட்டன, எவை பயன்படவில்லை என்று எங்கள் வீட்டுக்குள் இருந்து பார்த்ததை எழுதுகிறேன். யாரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. எல்லோரும் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள்.

கேக் பெட்டிகள் நிறைய வரும். நத்தாருக்கு ஒரே நாளில் நான்கு வந்தால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அவற்றை என்ன செய்வது? அளவு கேட்காமல் வாங்கிய சட்டைகள் அப்பாவின் தம்பிக்குப் போயின. மாறாக, ஓர் அம்மா ஒவ்வொரு ஜனவரியிலும் பாடசாலை தொடங்கும் முன் எங்கள் வகுப்பைக் கேட்டு, அதற்குரிய அப்பியாசக் கொப்பிகளையும் சப்பாத்துக்கான பணத்தையும் அனுப்புவார். "உங்கள் மகள் இவ்வாண்டு எந்த வகுப்பு?" என்று அவர் கேட்டதை அப்பா வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் மழையங்கி வாங்கிக் கொடுத்தார், முழங்காலுக்குக் கீழ் வரை வருகிற நல்ல தடித்த அங்கி. தென்மேற்குப் பருவமழையில் அதிகாலை நாலரைக்குச் சைக்கிளில் போகிறவருக்கு அதன் அருமை தெரியும். பிற்காலத்தில் அப்பாவுக்குக் கிட்டத்தில் இருப்பவை மங்கலாகத் தெரிந்து, மருந்துப் போத்தலில் உள்ள அளவை வாசிக்க முடியாமல் திணறியபோது, ஓர் உரிமையாளர் தாமாகவே கவனித்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அது அப்பாவுக்கும் நல்லது, குதிரைக்கும் நல்லது.

2020 மார்ச் 20 ஆம் திகதி ஊரடங்கு போடப்பட்டபோது அப்பாவும் இன்னும் இருவரும் லாயத்திலேயே தங்கிவிட்டார்கள். குதிரைக்கு ஊரடங்கு தெரியாது. அதற்குத் தீனி வேண்டும், லத்தி அள்ள வேண்டும், நடக்கவும் வைக்க வேண்டும். கொழும்பில் அது மே மாதக் கடைசி வரை நீடித்தது. வாசலில் மரக்கறி லொறி வரும் நாளைப் பார்த்துக்கொண்டு அம்மா எங்களை வைத்துச் சமாளித்தார். அந்த நாட்களில் ஒரு குடும்பத்தார், அனுமதி பெற்ற விநியோக வாகனத்தில் எங்கள் வீட்டுக்கு உலருணவுப் பொதி அனுப்பினார்கள். அரிசி, பருப்பு, மா, சீனி, தேயிலை எல்லாம் இருந்தன. அதைவிட, அவர்கள் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கள் கணவர் அங்கே சுகமாக இருக்கிறார், நேற்றுக் காணொளியில் பேசினோம்" என்று சொன்னது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தங்கள் குதிரையை விசாரிக்க எடுத்த அழைப்பில் அப்பாவையும் விசாரித்து, அந்தச் செய்தியை வீடு வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களை அப்பா இன்றைக்கும் மறக்கவில்லை.

இன்னும் ஒன்று. பிள்ளைகள் அப்பாவைப் பெயர் சொல்லி ஏவும் லாயங்களும் உண்டு, மாமா என்றும் ஐயா என்றும் கூப்பிடும் லாயங்களும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று ஐம்பது வயது மனிதரை, "சேணத்தைக் கொண்டு வா" என்று சொல்லும்போது பெற்றோர் பக்கத்தில் நின்றும் திருத்தாமல் இருந்தால், அதன் பிறகு எந்த உறையைக் கொடுத்தாலும் அந்தப் புண் ஆறாது.

லாய மேலாளர்

நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தனித்தனியே பணம் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு. வசதியான உரிமையாளரின் குதிரைக்குக் குளிப்பாட்டலும் தேய்ப்பும் கூடி, வசதி குறைந்தவரின் குதிரை மாலை வரை காத்திருந்த நிலைமையை நான் கண்டிருக்கிறேன். அதனால் எங்களிடம் பொது உண்டியல் ஒன்று இருக்கிறது. ஊழியர்கள் தாங்களே தெரிவு செய்த இருவர் அதைத் திறந்து, இரவுக் காவலர் உட்பட எல்லோருக்கும் பங்கிடுவார்கள். நிர்வாகம் அதைத் தொடுவதில்லை. பெரியவர் செய்வதுபோல எல்லோர் முன்னிலையிலும் கைவிசேஷம் கொடுப்பதற்கு எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை.

உரிமையாளர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது வேறொன்று. மாதக் கட்டணத்தை உரிய திகதியில் செலுத்துங்கள். 2022 இல் எரிபொருள் வரிசைகளும் தீனி விலையேற்றமும் சேர்ந்து வந்தபோது, கட்டணம் பிந்தியதால் சம்பளமும் பிந்தியது. பெற்றோலுக்கு வழியில்லாமல் ஊழியர்கள் தொலைவிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் வந்தார்கள். ஒரு குதிரைகூட அந்த நாட்களில் பட்டினி கிடக்கவில்லை. கட்டணத்தைத் தாமதித்துவிட்டு, ஆண்டிறுதியில் பரிசுப்பொதி கொண்டுவருவது அவர்களுக்கு உதவாது.

பாராட்டை எழுத்தில் கொடுங்கள் என்பதையும் வலியுறுத்துகிறேன். கடற்கரை வீதி அம்மா இங்கே எழுதியதை, எந்தத் திகதியில் எந்த அறிகுறியைக் கண்டு அந்தக் காவலர் என்ன செய்தார் என்ற விபரத்தோடு ஒரு கடிதமாக நிர்வாகத்துக்கு எழுதி, பிரதியை அவருக்கும் கொடுத்தால், சம்பள உயர்வு பேசும்போது என் கையில் ஆதாரம் இருக்கும். வெளிநாட்டு லாயங்களில் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்கும் அத்தகைய கடிதம் பெரிய உதவி.

சவாரி பழகும் மாணவி

எனக்குச் சொந்தக் குதிரை இல்லை. பாடத்துக்கு மட்டும் போகிறேன். கையில் பணமும் இல்லை. சவாரி முடிந்ததும் கடிவாளத்தின் இரும்பைக் கழுவி, சேணத்தைத் துடைத்து உரிய இடத்தில் வைத்துவிட்டு, குதிரை நின்ற இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். குறித்த நேரத்துக்குள் இறங்கிவிடுகிறேன், ஏனென்றால் நான் பிந்தினால் அண்ணாமாரின் சாப்பாட்டு நேரம்தான் பிந்தும். ஒருநாள் மிகக் களைத்திருந்த ஓர் அண்ணா, நான் கூட்டி முடித்ததைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

கடற்கரை வீதி

எல்லோருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் ஐயாவின் விளக்கத்தை மகளிடமும் வாசித்துக் காட்டினேன். கணக்காளர் சொன்னபடி, லாயத்துடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டு எழுத்தில் பெறுவேன். கடிதத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதுகிறேன், ஏனென்றால் காவலர் சிங்களவர்.

இரண்டு சிறு சந்தேகங்கள். எல்லோருக்கும் ஒருநாள் மதியச் சாப்பாடு கொடுக்க ஆசை. அது பொருத்தமா? மற்றது, புல் கொண்டுவருபவர் லாயத்தின் சம்பளப் பட்டியலில் இல்லை என்று அறிந்தேன். அவருக்கு எவ்வாறு கொடுப்பது?

கணக்காளர்

ஒப்பந்தத்தில் கேட்பதாக எழுதியதற்கு நன்றி. நிர்வாகத்திடம் நிதிகளுக்கான அங்கத்துவ இலக்கம் ஒவ்வோர் ஊழியருக்கும் உண்டா என்று கேட்டால் போதும். அவர்களுடைய சம்பள விபரம் உங்களுக்குத் தேவையில்லை, அதைக் கேட்பது அவர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதாகவும் ஆகும். தனிப்பட்ட குதிரைக்காரர் வைத்திருப்பவர்கள் தொழில் திணைக்களத்தில் தொழில்தருநராகப் பதிவு செய்துகொள்ளலாம்.

குதிரைக்காரர் மகள்

அக்கா, சாப்பாடு நல்ல யோசனைதான், ஆனால் போயா நாளில் வைக்காதீர்கள். அன்று பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். வேலைக்கு நிற்பவர்களுக்கு இரட்டிப்பு வேலை. கிழமை நாளில், காலைத் தீனியும் சுத்தம் செய்வதும் முடிந்து குதிரைகள் நிழலில் நிற்கிற பதினொன்றரை மணிக்குப் பிறகு கொடுத்தால் எல்லோரும் ஆறுதலாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முஸ்லிம் அண்ணாமார் இருந்தால் ஹலால் கடையிலேயே எல்லோருக்கும் எடுங்கள்; நோன்பு காலமென்றால் அவர்களின் பங்கை மாலையில் கொடுங்கள். வெள்ளிக்கிழமையில் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் யாரென்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரு பொதியை இரவுக் காவலருக்கென்று எடுத்து வைத்தால் அது மாலைக்குள் பழுதாகிவிடும். அவருக்கு அன்றிரவு புதிதாக வாங்கிக்கொண்டு, அவர் பொறுப்பேற்கும் நேரத்துக்கு நீங்களே போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள்.

புல் கொண்டுவரும் ஐயா கட்டுக் கணக்கில் காசு வாங்குபவர். உண்டியலில் அவருக்குப் பங்கு இருக்காது, நிர்வாகத்தின் போனஸும் இருக்காது. மழைக்காலத்தில் களை எது, நல்ல புல் எது என்று பிரித்துக் கொண்டுவருபவர் அவர்தான். அவருடைய உறையை யாரிடமும் கொடுத்து விடாமல், காலை ஆறு மணிக்கு முன் வாசலில் அவர் கட்டுகளை இறக்கும்போது நீங்களே கையில் கொடுங்கள். அந்த மாதத்துக்கான கட்டுக் காசு அவருக்குக் கிடைத்துவிட்டதா என்பதையும் மேலாளரிடம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.